பில் டைட்லா: டம்போவை வரைந்த கை அப்புறம் ஏன் அப்படி வரையவில்லை?

பென்சில்முனை (இழையைத் தொடங்கியவர்)

டிஸ்னியின் பழைய கைவரைப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் 'ஒன்பது கிழவர்கள்' என்று பெயர் எடுத்த அந்த ஸ்டூடியோவின் மூத்த அனிமேட்டர்களிடம் போய் நின்றுவிடுகிறோம். ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன், மில்ட் கால், வார்ட் கிம்பல். பெரிய கைகள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பலர் தொழில் பழகிக்கொண்டிருந்த நாளிலேயே உச்சத்தில் இருந்த ஒரு அனிமேட்டர் அந்தப் பட்டியலில் கிடையாது. விளாடிமிர் டைட்லா. எல்லோருக்கும் பில்.

1904-இல் நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் பிறந்தவர். பெற்றோர் உக்ரைனிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒன்பது வயதில் வின்சர் மெக்கேயின் 'கெர்ட்டி' டைனோசர் படத்தைப் பார்த்ததோடு பையனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பதினாறு வயது வாக்கில் பேசாப்படக் கார்ட்டூன்களுக்கு எழுத்து அட்டை எழுதும் வேலை. பிறகு நியூயார்க்கில் கார்ட்டூன் ஸ்டூடியோ நடத்திய பால் டெர்ரியிடம் வேலை. 1929-இல் ஓவியராகிவிடலாம் என்று ஐரோப்பா கிளம்பினார். பாரிஸில் சார்ல் டெஸ்பியோவிடம் சிற்பம் படித்தார். அங்கே மியூசியங்களில் தொங்கியதையும் தான் வரைந்ததையும் பார்த்தவர், தன்னுடையதை அழித்துவிட்டு ஊர் திரும்பினார். ஓவியர் கனவு போனது, சிற்பம் கையில் தங்கிவிட்டது. 1934-இல் டிஸ்னிக்கு வந்தபோது அவர் பென்சில் கோட்டில் இருந்தது அதுதான்.

ஸ்னோ ஒயிட்டில் (1937) கிரம்பி என்ற சிடுமூஞ்சிக் குள்ளனை எடுத்துப் பாருங்கள். வேலைக்குக் கிளம்பும் குள்ளர்களுக்கு அவள் தலையில் முத்தம் கொடுத்து அனுப்புகிறாளே, அந்த இடம். கிரம்பி முறைத்துக்கொண்டுதான் வருகிறான். முத்தம் விழுந்ததும் திமிறிக்கொண்டு விறுவிறு என்று நடக்கிறான். நாலு எட்டு போனதும் நடை தளர்கிறது. தோள் இறங்குகிறது, ஒரு பெருமூச்சு, முகம் மெல்ல இளகுகிறது. திரும்பிப் பார்க்கிறான், அவள் பார்ப்பது தெரிந்ததும் மறுபடி விறைத்துக்கொள்கிறான். அந்த ஜோரில் மரத்தில் மூக்கை விட்டுக்கொண்டு, பிய்த்துக்கொண்டு போய் ஓடையில் விழுகிறான். வீம்பு, ஆசை, வெட்கம் மூன்றும் ஒரே முதுகில் தெரிகின்றன. முகத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும்.

1943-இல் டிஸ்னியை விட்டுப் போனார். 1968 டிசம்பரில் இறந்தார். நடுவில் இருபத்தைந்து வருஷம். அதில் கிரம்பிக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. கை அதே கை. ஏன்?

1941-இல் டிஸ்னியில் நடந்த ஸ்டிரைக்தான் அவரை முடித்தது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் வரைந்த விதத்துக்கு அந்த ஸ்டூடியோவின் சாவகாசம் தேவைப்பட்டது. அது வெளியே எங்கேயும் கிடைக்கவில்லை.

பழையபடம்_பாலா

இழைக்கு நன்றி அண்ணா. ஆனால் ஸ்டிரைக்கை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

பின்னணி தெரியாதவர்களுக்காக: ஸ்னோ ஒயிட் கொட்டிக் கொடுத்த பணத்தில் பர்பேங்கில் புது ஸ்டூடியோ கட்டினார்கள். அதற்குள் ஐரோப்பாவில் போர் வந்து வெளிநாட்டு வசூல் நின்றது. பினோக்கியோவும் ஃபேன்டேசியாவும் கையைச் சுட்டன. ஆள்குறைப்புப் பேச்சு. மேல்தட்டு அனிமேட்டர் வாரம் 200, 300 டாலர் வாங்கிய அதே கட்டடத்தில், மை தீட்டும் பெண்களுக்கு 20 டாலருக்குப் பக்கத்தில்தான். படத்தில் பெயர் போடுவதிலும் பாரபட்சம். மேல்தட்டு அனிமேட்டர்களில் ஒருவரான ஆர்ட் பாபிட் யூனியன் பக்கம் சாய்ந்தார். அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அடுத்த நாளே, 1941 மே கடைசியில், வாசலில் மறியல்.

பாபிட்டும் டைட்லாவும் டெர்ரி காலத்திலிருந்தே சிநேகிதர்கள். டைட்லாவை டிஸ்னிக்கு இழுத்து வந்ததே பாபிட்தான். ஹாலிவுட்டில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். டைட்லாவுக்குச் சம்பளக் குறை எதுவும் இல்லை, வால்ட் டிஸ்னியிடம் கோபமும் இல்லை. நண்பர்கள் வெளியே நின்றார்கள், அதனால் தானும் நின்றார். அவர் மனைவி ஏட்ரியன் பின்னாளில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

திரும்பி உள்ளே போனபோது ஸ்டூடியோ பழைய ஸ்டூடியோவாக இல்லை. யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அந்தச் சூழ்நிலையில் ஒரு மனுஷன் எத்தனை நாள் குனிந்து வரைவான்?

லதா_லைட்பாக்ஸ்

நீங்கள் இரண்டு பேரும் காரணம் தேடுங்கள், நான் கொஞ்சம் டம்போ பற்றிப் பேசிக்கொள்கிறேன். 😊

கிரம்பி, பினோக்கியோவின் பொம்மலாட்டக்காரன் ஸ்ட்ராம்போலி, ஃபேன்டேசியாவின் பூதம் என்று முரட்டு ஆட்களாக வரைந்தவரிடம் ஒரு குட்டி யானையைக் கொடுத்தார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். விஷயம் வேறு. அவராகவே அதைக் கேட்டு எடுத்துக்கொண்டார். வீட்டில் சின்னப் பையன் இருந்தான், பீட்டர், இரண்டு வயதுக் குழந்தை. யானையைப் பார்த்து வரையாமல் அவனைப் பார்த்து வரைந்தார்.

குளியல் காட்சியைப் போட்டுப் பாருங்கள். அம்மா தேய்த்துவிடுகிறாள், டம்போ கால்களுக்கு இடையில் புகுந்து புகுந்து ஓடுகிறான், ஒளிகிறான், கண்டுபிடிக்கச் சொல்லி எட்டிப் பார்க்கிறான். எல்லா வீட்டிலும் இரண்டு வயதுக் குழந்தை குளிக்கிற நேரம் இப்படித்தான் இருக்கும். தும்பிக்கையையும் காதையும் எடுத்துவிட்டால் அது குழந்தையேதான். இத்தனைக்கும் படம் முழுக்க அவனுக்கு ஒரு வசனம் கிடையாது.

பிறகு அம்மாவைக் கூண்டு வண்டியில் சங்கிலி போட்டு வைத்திருக்கும் இடம். கம்பிக்கு வெளியே அவள் தும்பிக்கை மட்டும் வருகிறது. இவன் தன் தும்பிக்கையால் அதைத் தொடுகிறான். அவள் அதையே தொட்டிலாக்கி இவனை ஆட்டுகிறாள். பார்க்கிறவர்களைக் கவனியுங்கள், அழுகை வருவது அம்மாவைப் பார்த்து அல்ல. டம்போ கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை அந்தத் தும்பிக்கையில் தேய்க்கிறானே, அங்கேதான். அந்தத் தேய்ப்பில் ஒரு அழுத்தம் இருக்கிறது, சதை ஒதுங்குகிறது. வெறும் பென்சில் கோடு அது.

64 நிமிஷப் படம். பத்து லட்சம் டாலருக்குள் முடித்த சிக்கனப் படம். பினோக்கியோவுக்கு ஆனதில் பாதிகூட இல்லை. அதனால் பென்சில்முனை சொல்லும் 'சாவகாசம்' எனக்கு முழுசாகச் செல்லுபடியாகவில்லை.

பென்சில்முனை

லதா அக்கா, நல்ல அடி. ஆனால் சிக்கனம் எங்கே பிடித்தார்கள் பாருங்கள். பின்னணி ஓவியத்தில், எஃபெக்ட் வேலையில், கதையின் நீளத்தில். டம்போவின் நடிப்பில் கை வைக்கவில்லை. டைட்லா மேசைக்கு வேண்டிய நேரம் அவருக்குக் கிடைத்தது.

பாலாவுக்கு: மறியல் அவரைக் காயப்படுத்தியது, சரி. ஆனால் பாபிட்டைப் பாருங்கள். அவரைவிட அடிபட்டவர் யார்? வேலையை விட்டு நீக்கினார்கள், வழக்குப் போட்டார், நடுவில் மரீன் படையில் போர்ச்சேவை, வழக்கில் ஜெயித்துத் திரும்பி வந்து வேண்டாதவராக உட்கார்ந்திருந்தார், கடைசியில் விலகினார். அப்புறமும் யூபிஏ என்ற கார்ட்டூன் ஸ்டூடியோவில் 'ரூட்டி டூட் டூட்' (1951) மாதிரி ஒரு குறும்படத்தைப் பண்ணினார். விளம்பரப் படங்களில் கொடிகட்டினார். எழுபதுகளில் லண்டனில் ரிச்சர்ட் வில்லியம்ஸின் அனிமேஷன் கூடத்தில் போய்ப் பாடம் எடுத்தார். மனக்காயம்தான் காரணம் என்றால் அவர் அல்லவா முதலில் ஓய்ந்திருக்க வேண்டும்?

கிளீன்அப்_குமார்

நான் கொஞ்ச காலம் சென்னையில் வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு கிளீன்அப்பும் இன்பிட்வீனும் போட்டவன். இப்போது அந்த வேலையெல்லாம் ஓய்ந்துவிட்டது. தொழில் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு தாளை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 12 தாள். அனிமேட்டர் எல்லாத் தாளையும் வரைவதில்லை. முக்கியமான நிலைகளை ரஃப்பாகப் போடுவார், இடையில் வருவதை இன்பிட்வீன் ஆள் நிரப்புவார், கிளீன்அப் ஆள் கோட்டைச் சுத்தம் பண்ணுவார். டிஸ்னியில் இதற்கு நடுவே ஒன்று இருந்தது, பென்சில் டெஸ்ட். ரஃப் தாளையே கேமராவில் எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு அடைசலான அறையில் வால்டோடு உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெயரே 'வியர்வைப் பெட்டி'. சரியில்லை என்றால் திரும்ப வரைய வேண்டியதுதான். நாலு தடவை, அஞ்சு தடவை. அதற்குப் பிறகுதான் செல்லுலாய்டுக்கு, மைக்கு, வண்ணத்துக்கு.

டைட்லாவின் ரஃப் தாள் நகல்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் கோட்டின் மேல் கோடு, அழுத்தி அழுத்தி, தாள் கிழியாதது ஆச்சரியம். உருவத்தின் வெளிக்கோட்டை அவர் தேடவில்லை. உள்ளே எது தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று தேடியிருக்கிறார். நடு நிலைகளில் முகம் கோணி, கை நீண்டு, உருவமே உடைந்து கிடக்கும். தனியாக எடுத்துப் பார்த்தால் அசிங்கம். ஓடவிட்டால் உயிர். இப்படி வரைகிறவர் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அவருக்குக் கீழே இருந்த கிளீன்அப் ஆளும் சூரனாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேகமெல்லாம் சுத்தம் பண்ணும்போதே செத்துவிடும்.

நான் இருந்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு. மாடல் ஷீட்டோடு, அதாவது பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் மாதிரித் தாளோடு, ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒரு பாத்திரம் நாற்காலியிலிருந்து எழுந்தால் அதற்கு எடை இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் வண்டி ஓடாது. அந்த மாதிரி இடத்தில் டைட்லாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் தாள் எண்ணத்தான் சொல்லியிருப்பார்கள். பென்சில்முனை அண்ணா பக்கம் என் ஓட்டு.

குறுக்குசால்

எல்லோரும் கும்பிடுகிறீர்கள், ஒரு ஆளாவது மாற்றிச் சொல்ல வேண்டாமா. பினோக்கியோவின் (1940) ஸ்ட்ராம்போலி எனக்கு ஒத்துவரவே இல்லை. ஒரு வசனத்துக்கு எட்டுக் கை ஆட்டல். தொப்பை ஒரு பக்கம் குலுங்குகிறது, தாடி ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். கத்தினால் போதாதா, ஊரைக் கூட்டவேண்டுமா? அந்தக் காலத்திலேயே இது மிகை என்று குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். படத்தின் மற்ற பாத்திரங்களோடு ஒட்டவில்லை.

லதா_லைட்பாக்ஸ்

குறுக்குசால், அந்த ஆள் தெருக்கூத்து முதலாளி மாதிரி, ஆர்ப்பாட்டம்தான் அவன் பிழைப்பு. காசு எண்ணும் இடத்தைப் பாருங்கள். வெங்காயத்தை வெட்டி வாயில் போட்டுக்கொண்டே நாணயத்தை அடுக்குகிறான். பினோக்கியோவிடம் ஒரே தேன்மொழி. கள்ளக்காசு ஒன்று கையில் பட்டதும் முகம் மாறி, அடுத்த நொடியே சிரித்து, அந்தச் செல்லாத வளையத்தைப் பையனுக்கே தாரை வார்க்கிறான். அப்புறம் கூண்டு. உடைந்த பொம்மைகள் மேல் கோடாலியை வீசிக் காட்டுகிறான், கிழடானால் நீ விறகுதான் என்று. சிரிப்பு, கொஞ்சல், வெறி மூன்றும் இப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால்தான் குழந்தைகள் அவனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

பென்சில்முனை

குறுக்குசால் சொல்வதில் பாதி சரி என்பேன். ஸ்ட்ராம்போலியில் அவர் கடிவாளத்தை விட்டுவிட்டார். ஆனால் அதே வருஷம் ஃபேன்டேசியாவில் செர்னபாக் என்ற பூதம் வருகிறதே, அங்கே எதிர்மாறு. ஒரு மலை உச்சியே விரிந்து சிறகாகிறது. உடம்பு அதிகம் அசைவதில்லை. உள்ளங்கையில் தீயை ஏந்தி, அதில் ஆடுகிற உருவங்களை வேடிக்கை பார்க்கிறது. பிறகு கோயில் மணி ஒலித்ததும் கையை முகத்துக்குக் குறுக்கே கொடுத்துக் குறுகுகிறது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு அடி விழுந்த மாதிரி.

இதற்கு மாடலாக டிராகுலா புகழ் பெலா லுகோசியைக் கூட்டிவந்து நடிக்க வைத்துப் படமெடுத்தார்கள். டைட்லாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பகுதியின் இயக்குநர் வில்ஃப்ரெட் ஜாக்சனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தானே சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்து, அதை வைத்து வரைந்தார். ஒல்லியான மனுஷர் ஜாக்சன்! உருவத்துக்காக அவரைப் பிடிக்கவில்லை என்பது நிச்சயம். தான் கேட்ட அசைவு அவரிடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதைத்தான் சாவகாசம் என்கிறேன். ஒரு பெரிய நடிகரை வைத்து எடுத்ததை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மறுபடி எடுக்கிற சௌகரியம் 1940-இல் உலகத்தில் வேறு எந்தக் கார்ட்டூன் கூடத்தில் இருந்தது?

பழையபடம்_பாலா

சரி, வெளியே என்ன இருந்தது என்று பார்ப்போம். 1943 பிப்ரவரியில் ராஜினாமா. போர்க்கால வேலைகளில் கொஞ்சம் செய்துவிட்டுத்தான் போனார். 'விக்டரி த்ரூ ஏர் பவர்' படத்தின் கழுகும் ஆக்டோபஸும் அவர் கைதான். கனெக்டிகட்டில் அவருக்குப் பண்ணை இருந்தது, கிழக்குக் கரைக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தார்.

கிழக்கே அன்று இருந்தது இரண்டே பெரிய வாசல். ஒன்று, பழைய முதலாளி பால் டெர்ரி. வருஷத்துக்கு 26 குறும்படம், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒன்று. டிஸ்னி நகைக்கடை, நான் மலிவுச் சாமான் கடை என்று தானே சொல்லிக்கொண்ட மனுஷர். இன்னொன்று, ஃபிளைஷர் சகோதரர்களிடமிருந்து பாரமவுண்ட் எடுத்துக்கொண்ட ஃபேமஸ் ஸ்டூடியோஸ். அங்கே பாப்பாய், லிட்டில் லூலு படங்களை இயக்கினார். மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டைட்லா பெயர் டைட்டிலில் வராவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

பிறகு விளம்பரப் படங்கள். டெம்போ என்ற கம்பெனியில் இயக்குநராக இருந்தார். அதன் பங்காளி டேவிட் ஹில்பர்மன், 1941 மறியலின் முக்கியப் புள்ளி. 1947-இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய வாஷிங்டன் விசாரணைக் கமிட்டி முன்னால் வால்ட் டிஸ்னி கம்யூனிஸ்ட் என்று பெயர் சொன்ன ஆட்களில் அவரும் ஒருவர். அந்த வேட்டையில் டெம்போவும் அடிபட்டது. ஆக, ஸ்டிரைக் அவரை விடவே இல்லை அண்ணா. பத்து வருஷம் கழித்தும் துரத்தி வந்தது. என் கட்சியை நான் விடுவதாக இல்லை.

கிளீன்அப்_குமார்

பாலா தம்பி, அந்த டெம்போ விஷயத்தை நீங்கள் கொண்டுவந்தது நல்லது, பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஐம்பதுகளில் பாணியே மாறிவிட்டது. யூபிஏ வந்தபின் தட்டையான உருவம், கூரான கோடு, குறைந்த அசைவு, அதுதான் நாகரிகம். பாபிட் அதற்குள் நுழைந்து கலக்கினார், ஏனென்றால் அவர் அசைவை அலசி அலசிப் பிரித்து யோசிக்கிறவர். கோணல் உருவத்துக்கும் அந்த அலசல் பொருந்தும். டைட்லாவின் சமாசாரமே சதையும் கனமும். தட்டையான உருவத்துக்குள் கனத்தை எங்கே வைப்பது?

பென்சில்முனை

குமார், இதை நான் யோசிக்கவில்லை. பாபிட்டை நான் இழுத்தது பாலாவுக்குப் பதிலாக. நீங்கள் அதே பாபிட்டை வைத்து என் வாதத்தையும் கொஞ்சம் நகர்த்திவிட்டீர்கள். நேரம் கொடுத்திருந்தாலும் 1952-இல் ஒரு கிரம்பியை யார் கேட்டிருப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். டிஸ்னிக்குள்ளேயே அவர் இருந்திருந்தால்? ஐம்பதுகளில் அங்கேயும் மில்ட் காலின் சுத்தமான கோடுதான் ஆட்சி. ஆனாலும் பீட்டர் பான் படத்தின் வில்லன் கேப்டன் ஹூக் மாதிரி ஒரு ஆளை டைட்லாவிடம் கொடுத்திருந்தால் என்று நினைத்தால் கை பரபரக்கிறது.

குறுக்குசால்

ஹூக் ஃபிராங்க் தாமஸ் கையில்தான் நன்றாக வந்திருக்கிறது. டைட்லா கையில் கப்பலே கவிழ்ந்திருக்கும்.

புதுவரவு_நிவேதா

வணக்கம் எல்லோருக்கும். நான் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன், இவர் பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். கடைசிக் காலத்தில் என்ன ஆனார்? உயிரோடு இருக்கும்போதே யாராவது கொண்டாடினார்களா?

பழையபடம்_பாலா

ஒரு தடவை, நிவேதா. 1964-இல் 'தி இன்க்ரெடிபிள் மிஸ்டர் லிம்பெட்' என்ற படத்தில், மனுஷன் மீனாக மாறும் கதை, அனிமேஷன் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. பக்கவாதம் வந்து ஒரு கண்ணில் பார்வையும் போனது. 1967 ஆகஸ்டில் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியையொட்டி அனிமேஷன் முன்னோடிகளுக்கு ஒரு பெரிய விழா. டம்போ திரையிட்டார்கள். தன்னை யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்று தயங்கிக்கொண்டேதான் போனாராம். படம் முடிந்ததும் அவர் அரங்கில் இருப்பதாக அறிவித்தார்கள். விளக்கு அவரைத் தேடிப் பிடித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை.

அடுத்த வருஷமே டிஸ்னியில் திரும்பச் சேர முயன்றார். தன்னைச் சோதித்துப் பார்க்க ஒரு பகுதியை வரைந்து தருகிறேன் என்றுகூடச் சொன்னார். இருக்கிற ஆட்களுக்கே போதுமான வேலைதான் இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த டிசம்பரில் இறந்துவிட்டார். 64 வயது.

லதா_லைட்பாக்ஸ்

அந்தக் கடிதத்தைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், வால்ட் 1966-இலேயே போய்விட்டார், ஸ்டூடியோவிலும் பெரிதாக வேலை இல்லை. பதில் எழுதியவரைக் குறை சொல்லி என்ன பண்ண. ஆனால் ஒரு ஆறு தாள் வரைந்து பார்க்க விட்டிருக்கலாம்.

கிளீன்அப்_குமார்

நிவேதா, பாடமாகப் பார்க்க வேண்டுமென்றால் டம்போவிலிருந்து ஆரம்பிக்காதே, அழுதுவிட்டு மூடிவிடுவாய். 'பிரேவ் லிட்டில் டெய்லர்' (1938) என்று ஒரு மிக்கி குறும்படம். அதில் வரும் ராட்சதன் டைட்லா வரைந்தது. வைக்கோல் போரையே எடுத்துச் சுருட்டாகச் சுருட்டி, ஒரு அடுப்பைத் தூக்கிப் பற்றவைத்துக்கொள்வான். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார். அவன் உட்காரும்போது முதலில் எது இறங்குகிறது, கடைசியாக எது இறங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள். அதை முடித்துவிட்டுக் கிரம்பி முத்தக் காட்சிக்கு வா.

புதுவரவு_நிவேதா

சரி அண்ணா, இன்றைக்கே பார்க்கிறேன். ரஃப் தாள் நகல்கள் என்று சொன்னீர்களே, அவை எங்கே கிடைக்கும்?

கிளீன்அப்_குமார்

அனிமேட்டர்கள் நடத்தும் வலைப்பூக்களில் ஸ்கேன் போட்டிருப்பார்கள், அவர் பெயரைப் போட்டுத் தேடு. ஏலக் கம்பெனிகளும் விற்பனைக்கு வரும் தாள்களின் படங்களைப் போடும். செர்னபாக் தாள் கிடைத்தால் இங்கே போடு, கோட்டை வைத்துப் பேசலாம். குறுக்குசாலுக்கும் ஒரு ஸ்ட்ராம்போலி எடுத்து வை.